‘கருப்பு மழை’யை நான் வரன் பார்க்கும் கதையாகத்தான் பார்த்தேன்

ஷோஹெய் இமாமுரா இயக்கிய ஜப்பானியப் படம் ‘கருப்பு மழை’ (Black Rain, 1989) ரொம்ப மெதுவாகப் போகும் என்கிறார்களே, ஹிரோஷிமா பற்றித் தெரிந்துகொள்ள அதைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் குண்டு விழுவது தொடக்கத்திலேயே முடிந்துவிடும். நடுநடுவே அந்த நாளின் நினைவுகள் வந்தாலும், மிச்சப் படம் ஒரு பெண்ணுக்கு வரன் தேடுவதுதான். உங்கள் வீட்டில் யாருக்கும் வரன் தட்டிப்போனதில்லை என்று நினைக்கிறேன். போயிருந்தால், மெதுவாகப் போகும் என்று சொன்னவர்களை நீங்கள் பொருட்படுத்தியிருக்க மாட்டீர்கள்.

கதை இதுதான். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு வெடிக்கும்போது யாசுகோ ஹிரோஷிமா நகருக்குள் இல்லை. படகில் திரும்பி வரும்போது, குண்டின் கரியும் கதிர்வீச்சும் கலந்த கரிய மழை அவள் மேல் பெய்கிறது. பிறகு மாமா அத்தையோடு எரிந்துகொண்டிருக்கும் நகரத்தின் வழியாக நடக்கிறாள். ஐந்து வருடம் கழித்து, கிராமத்தில், மாமா அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். வருகிற வரன் எல்லாம் ‘அந்தப் பெண் அன்றைக்கு எங்கே இருந்தாள்’ என்ற ஒரே கேள்வியில் கலைகிறது. மாமா டாக்டரிடம் கூட்டிப்போய் உடம்பில் குறையில்லை என்று எழுதி வாங்குகிறார். அவளுடைய டைரியைப் பிரதி எடுக்கிறார். அவர் சான்று சேர்க்கச் சேர்க்க ஊருக்குச் சந்தேகம்தான் கூடுகிறது.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் அக்காவுக்குக் கல்லூரிக் காலத்தில் காசநோய் வந்தது. ஒரு வேளை மாத்திரைகூட விடாமல் ஆறு மாதமும் முழுக்கச் சாப்பிட்டு, டாக்டரே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் யார் மூலமோ அது வெளியே போய், பேசி முடித்த சம்பந்தம் ஒன்று காரணம் சொல்லாமல் நின்றது. அப்பா நேர்மையானவர், மறைப்பது அவருக்குப் பிடிக்காது. அடுத்த இடத்துக்குப் போகும்போது மஞ்சப்பையில் ஜாதகத்தோடு அக்காவின் மார்பு எக்ஸ்ரேயையும் டாக்டர் சர்டிபிகேட்டையும் வைத்துக்கொண்டார். பழுப்பு உறையிலிருந்து அந்த எக்ஸ்ரேயை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாருங்க, ஒண்ணுமே இல்லைங்க” என்று அவர் காட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்: “நல்லா இருக்கிற பொண்ணுக்கு எதுக்குங்க சர்டிபிகேட்டு?” காபி டம்ளர் அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

படத்தில் அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்டபோது, மேற்கொண்டு பார்க்க முடியாமல் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

காசநோயும் அணுகுண்டும் ஒன்றா என்று யாராவது கேட்பீர்கள். ஒன்றல்ல. என் அக்காவுக்கு முழுக்கக் குணமாயிற்று. யாசுகோவுக்கு அப்படி இல்லை. அதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். அதோடு எங்கள் வீட்டுக் கஷ்டத்தை ஒப்பிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஜப்பான் ராணுவம் சீனாவிலும் கொரியாவிலும் செய்ததை மறந்துவிட்டாயா என்று இன்னொரு கூட்டம் வரும். மறக்கவில்லை. படகில் வந்த இளம்பெண் அதற்கெல்லாம் பொறுப்பில்லை என்பது மட்டுமே நான் சொல்வது.

அணுகுண்டில் தப்பித்தவர்களை ஜப்பானில் ‘ஹிபாகுஷா’ என்பார்கள். அவர்களுக்கான மருத்துவச் சட்டம் 1957இல்தான் வந்தது. குண்டு விழுந்து பன்னிரண்டு வருடம். சட்டம் வந்து, குண்டில் பாதிக்கப்பட்டவர் என்று சான்று சொல்லும் சிகிச்சைக் கையேட்டை அரசு கொடுத்த பிறகும் அதை வாங்காமலே இருந்தவர்கள் உண்டு. கையேடு இருப்பது தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம். இத்தனைக்கும் அவர்களுடைய பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தும், பரம்பரைக் குறைபாடு கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கரிய மழையில் நனைந்த 84 பேர் நீதிமன்றம் ஏறி, தங்களுக்கும் அந்தக் கையேடு வேண்டும் என்று வென்றது 2021இல். மழை பெய்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள்கூட அதற்குள் கிழவர்களாகிவிட்டார்கள்.

மெதுவு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு காட்சி. குண்டில் தப்பிய ஆண்கள், கடின வேலை கூடாது என்று டாக்டர் சொன்னதால் குளக்கரையில் மீன் பிடிக்கிறார்கள். அந்த வழியாகப் போகிற ஊர்க்காரப் பெண் அவர்களைச் சோம்பேறி என்று குத்திப் பேசுகிறாள். வெளியே காயம் தெரியாத நோயாளியை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதற்கு வேறு காட்சியே வேண்டாம். இதையெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு ‘லேக்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது?

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. இந்தப் படத்தை அப்பாவுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். எத்தனையோ கொரியத் தொடர்களைத் தமிழில் பேச வைக்கிறார்கள், இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு தமிழ் சப்டைட்டில் போடக்கூடாதா? எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஆங்கிலம் படிக்காத எழுபது வயதுக்காரர்கள் நல்ல படம் பார்க்க மாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது? கடைசியில் நானே பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா குண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பொண்ணுக்கு எந்த இடமாச்சும் அமைஞ்சுதா?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சரி, நீங்கள் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம். அதே 1989இல் ரிட்லி ஸ்காட் எடுத்த, ஒசாகாவில் நடக்கும் ஹாலிவுட் போலீஸ் படத்துக்கும் இதே பெயர்தான், அதனால் இமாமுரா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம், சின்னப் பிள்ளைகளோடு உட்காராதீர்கள். முகம் வெந்துபோன தம்பியை அடையாளம் தெரியாமல் அண்ணன் அவனிடமே பெயர் கேட்கிற காட்சி ஒன்று வரும். பெரியவர்களுக்கே அது தாங்காது.