பாண்டியில் பிரெஞ்சு சாப்பாடு, கார்டில் தேய்க்கலாமா?

கேள்வி: விழுப்புரத்தில் இருக்கிறேன், சம்பளம் 46,000. அப்பா அம்மாவின் 40-ஆவது கல்யாண நாளுக்கு 9 பேராகப் பாண்டி ஒயிட் டவுனில் பிரெஞ்சு ரெஸ்டாரன்டுக்குப் போக ஆசை. 18,000 ஆகும் போலிருக்கிறது. கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 42,000 பாக்கி, மினிமம் மட்டும் கட்டிவருகிறேன். இதையும் அதிலேயே தேய்த்துவிடலாமா? இன்னும் 2 மாதம் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போங்கள், கார்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தேய்த்தால் 45 நாள் வட்டி கிடையாது என்பதெல்லாம் மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு. பாக்கியை இழுத்துக்கொண்டு வருபவர் எதைத் தேய்த்தாலும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் சாப்பிட்டு முடித்து பீச் ரோட்டில் காலாற நடக்கும்போதே.

ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். வட்டி மாதம் 3.5%, மினிமம் 5% என்று வைத்தால், 42,000-க்கு வட்டி 1,470, அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 1,735. நீங்கள் கட்டுகிற 2,100-இல் அசலுக்குப் போவது வெறும் 365 ரூபாய்!

அதனால் ரொக்கம்தான். மாதம் 9,500 ஒதுக்கினால் 2 மாதத்தில் 19,000. தனியாக முடியாது என்றால் கூடப்பிறந்தவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், கல்யாண நாள் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும்தானே.

அப்புறம் பில். சாதாரண ரெஸ்டாரன்டில் ஜிஎஸ்டி 5%, ஆக 18,900. அறை வாடகை 7,500-க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் இருந்தால் 18%, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜ் 10% போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அது கட்டாயமில்லை என்று 2022-இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம். இதில் மட்டும் வரியோடு 1,890 மிச்சம். (பணத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: அம்மா சைவமென்றால் வெங்காய சூப்பை விசாரிக்காமல் சொல்லாதீர்கள், அதை வழக்கமாக மாட்டு எலும்புச் சாற்றில்தான் செய்வார்கள்.)

விழா முடிந்ததும் அந்த 42,000-ஐப் பார்ப்போம். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் பர்சனல் லோனுக்கு என்ன வட்டி என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.