சிரித்துவிட்டுப் போட்ட கையெழுத்து

கேள்வி: மேரிலாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறோம். பல் மருத்துவரான எங்கள் ஒரே மகள், தன்னுடன் படித்த கறுப்பினப் பையனைத்தான் மணப்பேன் என்கிறாள். பையனின் குணத்தில் குறை சொல்ல முடியாது. குடும்பம்தான் உறுத்துகிறது. மூன்று தலைமுறையாக வாஷிங்டனில் வாடகை வீடு. தாத்தா 1953இல் கொரியப் போரிலிருந்து திரும்பி, முப்பது ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தவராம். 92 வயதாகிறது, ஒரு வீடு வாங்கத் துப்பில்லை. நாங்கள் இரண்டு பெட்டிகளோடு வந்து, பத்தே ஆண்டில் நல்ல பள்ளிக்கூடம் உள்ள பகுதியில் வீடு வாங்கினோம். 1941இல் கட்டிய வீடு. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது, வேலையாட்கள் மட்டும் தங்கலாம் என்று ஏதோ ஒரு பழைய வாசகம்கூடப் பத்திரத்தில் இருந்தது. இப்போது செல்லாது என்று வக்கீல் சொன்னதும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். உழைத்தால் உயரலாம் என்கிற நாட்டில் உயராத குடும்பத்துக்குப் பெண்ணைக் கொடுக்க மனம் வரவில்லை. நான் இனவெறி பிடித்தவள் அல்ல. மகளிடம் எப்படிப் பேசுவது?

பதில்: சகோதரி, இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் 'நான் இனவெறி பிடித்தவள் அல்ல' என்ற வரி இருக்கும். அதைப் பற்றி உங்களோடு வாதிடப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தாத்தாவுக்கு வீடு வாங்கத் துப்பில்லை என்று எழுதினீர்கள். நான்கு வரி தள்ளி, அவர் ஏன் வாங்கவில்லை என்பதையும் உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். எழுதியது உங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்த வாசகம் யாரோ ஒரு பழைய வீட்டுக்காரரின் கிறுக்கு என்று நினைத்துச் சிரித்தீர்களா? அதன் பின்னால் அரசாங்கம் நின்றது. 1934இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகளின் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தந்தது. சாதாரணச் சம்பளக்காரர் கொஞ்சம் முன்பணம் கட்டி, நீண்ட தவணையில் சொந்த வீட்டுக்குப் போனது அதனால்தான். எந்தக் கடனுக்குக் காப்பீடு தரலாம் என்று சொல்லும் அந்த நிர்வாகத்தின் கையேடே, உங்கள் பத்திரத்தில் இருப்பது போன்ற வாசகங்களைப் பரிந்துரைத்தது. இன்னொரு அரசு நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, ஆபத்தான பகுதி என்று குறித்தது. தங்கள் பகுதியில் வாங்கலாம் என்றால் கடன் கிடையாது. வெள்ளையர் பகுதியில் வாங்கலாம் என்றால் பத்திரம் விடாது. அந்த மனிதர் எங்கே போய் வாங்கியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

போருக்குப் போய் வந்தவர்களுக்காவது வழி இருந்திருக்கும் என்பீர்கள். முன்னாள் வீரர்களின் கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் சட்டம் 1944இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் வீடு, தொழில், பண்ணை ஆகியவற்றுக்காகக் கொடுக்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. அச்சுப்பிழை அல்ல, இரண்டேதான். ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவராக இருந்த மாநிலம் அது.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். வெள்ளையர் அல்லாதவர் என்று எழுதியிருந்ததே, அதில் நீங்களும் உண்டு என்பது அந்த நிமிடம் உங்களுக்கு உறைத்ததா? அது செல்லாமல் போனது தானாக நடந்ததா? மிசிசிப்பியிலிருந்து செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்த ஷெல்லி என்ற கறுப்பினத் தம்பதி, ஆறு பிள்ளைகளோடு 1945இல் ஒரு வீடு வாங்கினார்கள். 1911இல் எழுதப்பட்ட இதே மாதிரி ஒரு வாசகத்தைக் காட்டி, அவர்களை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இப்படிப்பட்ட வாசகங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது என்று 1948 மே மாதம் தீர்ப்பு வந்தது. வக்கீல் உங்களிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்த 'செல்லாது' என்ற சொல்லுக்காகப் பிள்ளைகளோடு நீதிமன்றப் படி ஏறியது ஒரு கறுப்பினக் குடும்பம்.

அந்தத் தீர்ப்போடும் முடியவில்லை. கறுப்பினத்தவர் என்பதற்காக வீடு விற்க மறுப்பதை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது 1968 ஏப்ரல் 11இல்தான். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஏழாவது நாள் அது. தாத்தா போரிலிருந்து திரும்பியது 1953 என்கிறீர்கள். இடையில் பதினைந்து ஆண்டுகள். ஒரு மனிதன் மணம் முடித்து, பிள்ளை பெற்று, வீடு தேடி அலைகிற வயது முழுவதும் அதற்குள் போய்விட்டது. அவர் கட்டிய வாடகை வேறொருவருக்குச் சொத்தாகியிருக்கும். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில் வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து, 2,85,000 டாலர்; கறுப்பினக் குடும்பங்களுக்குச் சுமார் 45,000 டாலர். அங்கே நடுத்தரக் குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் வீடுதான். தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட வீடு பேரனின் கணக்கிலும் இல்லாமல் போகிறது.

இரண்டு பெட்டிகளோடு வந்தோம் என்று பெருமைப்படுகிறீர்கள். உழைத்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் பெட்டியோடு வந்தவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? கலா பகாய் என்ற பெண் 1915இல் கணவரோடும் மூன்று மகன்களோடும் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன நாளில், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிவைத்து அவர்களை உள்ளே விடவில்லை. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கணவரின் குடியுரிமை பறிபோயிற்று. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். உங்களைப் போல ஒரு தாய்தான் கலாவும். 1946இல்கூட அமெரிக்காவில் குடியேற இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு நூறு இடம். 1965இல் அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்து உங்களுக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டுச் சிறை சென்று நடத்திய உரிமைப் போராட்டத்தின் வேகத்தில் வந்தது. அவர்கள் திறந்த வாசல் வழியாக நுழைந்துவிட்டு, அவர்களைப் பார்த்தே 'நீங்கள் ஏன் உயரவில்லை' என்று கேட்கலாமா? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இன்னொன்று. தாத்தா தபால் துறையில் வேலை 'பார்த்தவராம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆம்' போதும், நீங்கள் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை என்று தெரிகிறது. நான் பழைய காலத்து மனுஷி. திருமணம் என்றால் இரண்டு குடும்பங்கள் சேர்வது என்று நம்புகிறவள். பெண் கொடுக்கப் போகிற வீட்டுக்கு நேரில் போய், பெரியவர்களைப் பார்த்து, அவர்கள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் சம்பந்தம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மகளும் அவசரப்பட்டு, உங்களை விட்டுவிட்டுப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. அதை நான் சொன்னதாகவே அவளிடம் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்காக அவள் காத்திருக்க வேண்டுமானால், நீங்கள் கிளம்பியாக வேண்டும்.

மகளிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். அவளிடம் பேச இப்போது ஒன்றும் இல்லை. இந்த வாரமே பீரோவிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்து, சிரிக்காமல், முதல் வரியிலிருந்து படியுங்கள். உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். அந்த வாசகத்தை நீக்கப் பல மாநிலங்களில் மனுக் கொடுக்கலாம். உங்கள் ஊரில் அதற்கு என்ன வழி என்று அதே வக்கீலிடம் கேளுங்கள்.

பிறகு பழம், பூ, உங்கள் கையால் செய்த பலகாரம் எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் போங்கள். பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, வாலிப வயதில் எந்தெந்தத் தெருவில் வீடு கேட்டுப் போனீர்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிற தெருக்களில் உங்கள் தெருவும் வரலாம். தள்ளிப்போடாதீர்கள், அவருக்கு 92 வயது.