டொமினிக்காவில் மலை சரிந்த நாள்: வெள்ளம், மண்சரிவு, மீட்பு பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வணக்கம். நான் மலைச்சாலைப் பொறியாளர். 2015 ஆகஸ்ட் 27 அதிகாலையில் எரிக்கா புயல் கரீபியன் தீவான டொமினிக்காவைப் புரட்டிப் போட்டது. அதன்பின் சாலைகளைத் திறக்கும் வேலைக்காகச் சில வாரம் அங்கே தங்கியிருந்தேன். 2017-ல் மரியா சூறாவளிக்குப் பிறகும் போனேன். நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கடலோடி): டொமினிக்கா என்பது டொமினிக்கன் குடியரசுதானே சார்?

இல்லைங்க, இரண்டும் வேறு வேறு நாடுகள். டொமினிக்கா சின்னத் தீவு. குவாதலூப், மார்ட்டினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 70,000. ஆங்கிலமும் கிரியோலும் பேசுகிறார்கள். பூர்வகுடிகளான கலினாகோ மக்கள் தங்கள் தீவுக்கு வைத்த பெயர் வைத்துகுபுலி, ‘உயரமானது அவள் உடல்’ என்று பொருள். கடற்கரையிலிருந்து பத்து நிமிடம் உள்ளே நடந்தாலே செங்குத்தான ஏற்றம் தொடங்கிவிடும். பணம் அனுப்புகிறவர்கள் மட்டும் நாட்டின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவி): எரிக்கா சூறாவளி அளவுக்குக்கூட வலுப்பெறவில்லை, வெறும் வெப்பமண்டலப் புயல்தான் என்று படித்தேன். பிறகு ஏன் அவ்வளவு சேதம்?

நல்ல கேள்விம்மா. அங்கே எனக்கு முதலில் உறைத்ததும் இதுதான். புயலுக்கு நாம் கொடுக்கும் தரவரிசை காற்றின் வேகத்தை வைத்து வருவது. மழை எவ்வளவு கொட்டும் என்பதை அது சொல்லாது. எரிக்காவின் மையம் டொமினிக்காவுக்கு வடக்கே நகர்ந்து போனது, ஆனால் மழைமேகங்கள் மையத்துக்குத் தெற்கே திரண்டு நேராகத் தீவின் தலையில் நின்றன. தலைநகர் ரோசோவை ஒட்டிய கேன்ஃபீல்டில் 12 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது.

மண்ணும் சேர்ந்துகொண்டது. இது எரிமலைத் தீவு. பாறைக்கு மேலே சாம்பலும் நுரைக்கல்லும் மட்கி உண்டான களிமண் கனமாகப் படிந்திருக்கிறது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் மரம், பாறை, வீடு எல்லாவற்றோடும் வழுக்கி ஓடைக்குள் இறங்கிவிடும். பிறகு ஓடையில் வருவது தண்ணீரில்லை, கல்லும் மரமும் கலந்த குழம்பு. அது பாலத்தில் சிக்கி அணைபோல் தேங்கி, பாலத்தையும் தூக்கிக்கொண்டு போகும். சுமார் 30 உயிர்கள் போயின. சேதம் 48.3 கோடி அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் அது. ‘வெறும் புயல்தானே என்று படுத்துவிட்டோம்’ என்று என்னிடம் சொன்னவர்கள் பல பேர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதில் விழுந்த எச்சரிக்கை காற்றைப் பற்றியது, வந்தது தண்ணீர்.

கேள்வி (மலைநாட்டான்): முதல் சில மணி நேரத்தில் மீட்புப் பணியை யார் செய்தார்கள்? ராணுவமா?

டொமினிக்காவுக்கு ராணுவமே கிடையாது. 1981-ல் கலைத்துவிட்டார்கள். போலீசும் தீயணைப்புத் துறையும்தான் இருக்கின்றன. அன்று காலையில் அவர்களாலும் பல ஊர்களுக்குப் போக முடியவில்லை. தென்கிழக்கே பெட்டீட் சவான் என்ற ஊர், செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது. அதற்குப் போகும் சாலை அறுந்துவிட்டது. பிரதான விமான நிலையம் ஆற்றங்கரையில் இருப்பதால் அதுவும் சேற்றில் மூழ்கியது.

ஆகவே முதலில் தோண்டியது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். பிறகு கடல்தான் சாலையாயிற்று. பெட்டீட் சவான் மக்களைப் படகில் ஏற்றி ரோசோவுக்குக் கொண்டுவந்தார்கள். மார்ட்டினிக், குவாதலூப், வெனிசுவேலாவிலிருந்து உதவி வந்தது, ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் மேகம் விலகினால்தானே ஹெலிகாப்டர் பறக்கும்?

இதனால்தான் எந்த மலையூருக்குப் போனாலும் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதல் மூன்று நாள் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். கடப்பாரை, மண்வெட்டி, மரம் அறுக்கும் இயந்திரம், அதற்கு எரிபொருள், நீளமான கயிறு, தூக்குப்படுக்கை எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், தாலுகா அலுவலகத்தில் இருந்து பயனில்லை. அதைவிட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வீட்டில் எத்தனை பேர், படுத்த படுக்கையாக இருப்பவர் யார், இன்சுலின் போடுபவர் யார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வீடு புதைந்துபோன இடத்தில் ‘உள்ளே எத்தனை பேர்’ என்று தெரியாமல் தோண்டுவதைவிடக் கொடுமை வேறில்லை.

கேள்வி (பதுளையிலிருந்து ஒரு ஆசிரியை): மண்சரிவு வருவதற்கு முன் அறிகுறி தெரியுமா? எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பல சமயம் தெரியும் டீச்சர். நேற்று மூடிய கதவு இன்று சட்டத்தில் இறுகும். வீட்டுக்கு மேலே தரையில் வெடிப்பு விழும். மரமும் மின்கம்பமும் சாயும். இதுவரை ஈரமே இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இது: அடைமழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், சந்தோஷப்படாதே, ஓடு. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த அடைப்பு உடையும்.

டொமினிக்காவிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1997 நவம்பரில் லயூ ஆற்றின் கிளையான மாத்தியூ ஆற்றில் மலைச்சரிவு விழுந்து இயற்கை அணை உண்டாயிற்று. பின்னால் ஏரியே உருவாகி, ஜனங்கள் அதற்கு ‘அதிசய ஏரி’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். 13 ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே நின்றது. 2011 ஜூலையில் உடைந்து லயூ பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளம் பாய்ந்தது.

ஓடும்போது ஓடையின் போக்கிலேயே கீழே ஓடக்கூடாது, சேற்றுக் குழம்பு மனிதனைவிட வேகமாக வரும். பக்கவாட்டில் விலகி மேட்டுக்கு ஏற வேண்டும்.

கேள்வி (ஒரு அப்பா): என் மகள் ரோசோவில் மருத்துவம் படிக்கிறாள். ஜூன் முதல் நவம்பர் வரை எங்களுக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்யச் சொல்வது?

உங்கள் கவலை புரிகிறது ஐயா. தங்கியிருக்கும் வீடு ஆற்றுக்கோ மலைவெட்டுக்கோ பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் மாறச் சொல்லுங்கள். அருகிலுள்ள புகலிடம் எது, அங்கே நடந்து போக வழி எது என்று நல்ல வெயில் நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவரட்டும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர், பேட்டரி ரேடியோ, டார்ச், நெகிழி உறையில் பாஸ்போர்ட், காகிதத்தில் எழுதிய தொலைபேசி எண்கள் வேண்டும்.

மரியாவுக்குப் பிறகு நாடு முழுக்கத் தொலைபேசி செத்துப்போயிருந்தது. பல குடும்பங்களுக்கு முதல் தகவல் போனது ஹாம் ரேடியோக்காரர்கள் (சொந்த வானொலிக் கருவியில் பேசும் ஆர்வலர்கள்) மூலம்தான். ஆகவே இரண்டு மூன்று நாள் பேச்சில்லை என்றால் உடனே மோசமானதை நினைக்காதீர்கள். மகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள், சிக்னல் வந்ததும் ‘நலம்’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும்.

கேள்வி (தேன்மொழி): சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று செய்தியில் காட்டினார்களே அண்ணா, எப்படி?

அங்கே குடிநீர் மலையாற்றிலிருந்து குழாய் வழியாகத் தானே இறங்கி வருகிறது. ஆறு பெருகினால் நீரெடுக்கும் இடமும், கரையோரக் குழாயும் முதல் பலி. பிறகு எலிக்காய்ச்சல் பயம் வரும். காலில் வெட்டுக்காயத்தோடு வெள்ளச் சேற்றில் இறங்கக்கூடாது, ரப்பர் பூட்ஸ் அவசியம். சேற்றில் நின்றபிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி (ஒரு சங்கச் செயலாளர்): பழைய துணிகள் சேகரித்து அனுப்பலாமா?

வேண்டாம், பணமாக அனுப்புங்கள். துறைமுகம் சின்னது. கேட்காத மூட்டைகள் குவிந்தால் மருந்தும் தார்ப்பாயும் பின்னால் நிற்கும். பார்படோஸைத் தலைமையிடமாகக் கொண்ட கரீபியன் பேரிடர் மேலாண்மை முகமை, எந்தத் தீவுக்கு என்ன தேவை என்று பட்டியல் வெளியிடும். அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி (கணக்கன்): காப்பீடு இருந்ததா?

இருந்தது. கரீபிய நாடுகள் சேர்ந்து 2007-ல் தொடங்கிய பேரிடர் காப்பீட்டு நிதியம் இருக்கிறது. மழையளவை வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு வாரத்துக்குள் பணம் கொடுப்பார்கள். எரிக்காவுக்குக் கிடைத்தது 24 லட்சம் டாலர். 48.3 கோடி சேதத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஆனால் முதல் மாதம் புல்டோசருக்கு டீசல் போடவும் சம்பளம் கொடுக்கவும் கையில் காசு வேண்டுமே. அந்த வேலைக்கு அது உதவும், வீடு கட்ட உதவாது.

கேள்வி (வேர்கள்): பெட்டீட் சவான் மக்களை ஊரோடு பெயர்த்தது சரியா?

சரிதான் என்று நினைக்கிறேன், எழுதும்போது வலித்தாலும். அந்தப் பகுதிக்கு இது முதல் முறை இல்லை. பக்கத்திலேயே பகட்டெல் என்ற ஊரில் 1977-ல் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். எரிக்காவுக்குப் பின் பெட்டீட் சவானை வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்து, பெல்வியூ ஷோப்பான் என்ற இடத்தில் புதுக் குடியிருப்பு கட்டியது. வீடுகள் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின.

ஆனால் அந்த ஊர் பே (bay) என்ற வாசனை இலை மரத்திலிருந்து எண்ணெய் காய்ச்சும் ஊர். சரிவு முழுக்க பே மரம், ஊருக்குள் இலையை வேகவைத்து எண்ணெய் வடிக்கும் கொப்பரைகள். தாத்தா நட்ட மரத்தை விட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், ‘புது வீட்டில் நான் காலையில் எழுந்து என்ன செய்ய?’ என்னிடம் பதில் இல்லை. வீட்டைப் பெயர்க்கும் திட்டத்தில் பிழைப்பையும் முதல் நாளிலிருந்தே எழுதியாக வேண்டும். பகலில் மரத்தடியில் வேலை, மழை எச்சரிக்கை வந்தால் அங்கே யாரும் போகக்கூடாது என்று ஏற்பாடு செய்யலாம்.

கேள்வி (பொறியியல் மாணவி): இன்னொன்று சார். மண் மூடிய சாலையை எப்படித் திறப்பீர்கள்?

அவசரப்படாமல். முதலில் ஒருவர் மேலே ஏறி, இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் மண் உண்டா, புது வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதும் விசிலோடு ஓர் ஆள் மேலே பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சரிவின் அடியை ஒரேயடியாகத் தோண்டினால் மேலே இருப்பது முழுக்க இறங்கிவிடும். அதனால் ஓரமாக, ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மட்டும் முதலில் வழி எடுப்போம். அள்ளிய மண்ணைச் சாலையின் மறுபக்கம் ஓடைக்குள் தள்ளக்கூடாது. எல்லோருக்கும் அந்த ஆசை வரும், ஆனால் கீழே இருக்கும் ஊருக்கு அதுவே அடுத்த அணை.

சாலை திறந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீ நின்று, சாலைக்கு அடியில் போகும் சிறுபாலங்களின் குழாய்களைத் தூர்வாரிவிட்டு வா. நான் போனபோது மழைக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. குழாய் அடைத்த இரண்டு இடங்களில் திறந்த சாலையே அடுத்த மழையில் போய்விட்டது.