வீட்டுக்கு ஸ்மார்ட் பிளக் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

புது வீட்டில் கீசர், தண்ணி மோட்டார், கொசு மருந்து மெஷின் என்று எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட் பிளக் (போன் ஆப்பிலிருந்தே வைஃபை மூலம் ஆன், ஆஃப் செய்கிற பிளக்) போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம். எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில். எனக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் ஊருக்கு வருவேன். அம்மா அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தேன். அதில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் தேட உட்காருவதற்கு முன்னால் கீசரின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். பின்கள் தடியாக இருந்தால் அது 16 ஆம்ப்ஸ் கரண்ட் வரை தாங்குகிற வகை. எலக்ட்ரீஷியன்கள் இன்னும் '15 ஆம்ஸ் பவர் பிளக்' என்றுதான் சொல்வார்கள். டேபிள் ஃபேன், டிவி வகையறா மெல்லிய பின், 6 ஆம்ப்ஸ். நான் இதைப் பார்க்காமல் தள்ளுபடியில் கிடைத்த 10 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கினேன். கீசரின் தடிப் பின் அதற்குள் போகவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தடிப் பின்னைச் சின்னத் துளைக்குள் போக வைக்கிற கன்வெர்ஷன் பிளக் ஒன்றைப் பஜாரில் வாங்கி நடுவில் சொருகினேன்.

கணக்குப்படி தப்பே இல்லை. கீசர் 2000 வாட்ஸ், 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ். பத்துக்குள்தானே இருக்கிறது! நாலாம் நாள் விடியற்காலை, மார்கழிக் குளிர், பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. ஆப்பில் பார்த்தால் எல்லாம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றினால், கன்வெர்ஷன் பிளக்கின் ஒரு துளை மட்டும் பழுப்பேறி உருகியிருந்தது. ஸ்மார்ட் பிளக்கின் முகமும் அதே இடத்தில் குழிந்திருந்தது.

கரண்ட் அதிகமாகப் போனால் தானாக விழுந்து நிறுத்துகிற சுவிட்ச்தான் எம்சிபி. அது ஏன் விழவில்லை என்று எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன். "அது எதுக்குப்பா விழும்? கரண்ட்டு அதிகமா போகலையே. புடிப்பு லூசு" என்றார். விஷயம் அவ்வளவுதான். பின்னும் துளையும் இறுகப் பிடிக்காத இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், அங்கே சூடாகும். ஓடுவது என்னவோ அதே 8.7 ஆம்ப்ஸ்தான், அதனால் எம்சிபிக்கு ஒன்றும் தெரியாது. மின்விசிறியில் இது பெரிதாகத் தெரியாது, கீசரில் தெரிந்துவிடும்.

ஆகவே கீசருக்கு 16 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக்தான், நேராகச் சுவரிலுள்ள பவர் பாயின்ட்டில், நடுவில் எதுவும் இல்லாமல். கணக்குக்கு 3680 வாட்ஸ் வரை தாங்கும். டேப்போ, விப்ரோ இரண்டு பிராண்டிலும் 16 ஆம்ப்ஸில், கரண்ட் செலவையும் காட்டுகிற மாதிரி கிடைக்கிறது. சுவரிலுள்ள சாக்கெட் பழையதாகி, பிளக் தொளதொளவென்று ஆடினால் முதலில் சாக்கெட்டை மாற்றுங்கள். மாட்டிய பிறகு முதல் வாரம், கீசர் இருபது நிமிடம் ஓடியதும் சுவிட்சை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிட வேண்டியதுதான்.

மோட்டாருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு ஹெச்பி என்றால் 746 வாட்ஸ்தானே என்று தோன்றும். கிளம்புகிற அந்த நொடியில் மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிளக்குக்குள் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச் ஒரு சின்ன ரிலே. அந்த அடியைத் தினமும் வாங்கினால் அதன் காண்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஆப் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் பாட்டுக்கு ஓடும். தொட்டி வழிந்தால்கூடப் போகட்டும், சம்ப் வறண்டு மோட்டார் காய்ந்து ஓடினால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் போயிற்று. வேண்டுமானால் எலக்ட்ரீஷியனை வைத்து நடுவில் காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்ச் போட்டுச் செய்யலாம். போனிலிருந்தே மோட்டாரை ஓட்டத் தோட்டத்துக்காரர்கள் வைத்திருக்கிற மொபைல் ஸ்டார்ட்டர் இதற்கென்றே செய்தது, அதையும் பார்க்கலாம். ஃபிரிட்ஜுக்கும் போடாதீர்கள், யாராவது தெரியாமல் ஆப்பில் தட்டினால் மறுநாள் பால் திரிந்துதான் தெரியும். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் இருக்கிறதா, யாராவது கையை விட்டிருக்கிறார்களா என்று ஓசூரிலிருந்து எனக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர் சொல்லாத ஒன்று, கரண்ட் போய் வருவது. கரண்ட் திரும்ப வந்ததும் சில பிளக்குகள் தானாக ஆன் ஆகிவிடும், சில ஆஃபிலேயே நிற்கும். நல்லவற்றில் இதற்கு ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கும்: ஆன், ஆஃப், முன்பு இருந்தபடி. சூடாகிற எல்லாவற்றுக்கும் 'ஆஃப்' வைத்துவிடுங்கள். வாங்கும் முன் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், மற்ற ஜிகினா வேலைகள் எல்லாம் அப்புறம்.

அடுத்து வைஃபை. பெரும்பாலான பிளக்குகள் ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சேர்க்கும்போது சில சமயம் மல்லுக்கட்டும். ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் தொல்லை இல்லை. எங்கள் பழைய கட்டு கருங்கல் சுவர், இந்தப் பக்கம் இன்னும் நிறைய வீடுகள் அப்படித்தான். கூடத்து ரூட்டரின் சிக்னல் அதைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகவில்லை. அதனால் பிளக் மாட்டப்போகிற இடத்தில் போனை வைத்து முதலில் வீடியோ ஓட்டிப் பாருங்கள்.

செலவு விஷயம். கீசரை டைமரில் போட்டால் பில் பாதியாகும் என்றெல்லாம் நம்பாதீர்கள். தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் எப்படியும் நிறுத்திவிடும். மறந்து விட்டுவிட்டால் ஆறுவதும் சூடாவதுமாகப் போவதுதான் நஷ்டம். எங்கள் பழைய கீசரில் அது நாளுக்கு முக்கால் யூனிட் வந்தது. இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். சின்னதாகத் தெரியும். ஆனால் 2025இல் நான் பார்த்தபோது, பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் விலையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும் என்றிருந்தது. எங்கள் வீடு 520, 530 என்று அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. பிளக்கால் வந்த உண்மையான லாபம் அதுதான், கோட்டுக்குக் கீழே வந்தோம். பிளக்கும் தன் பங்குக்கு ஒரு வாட் தின்னும், இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கிட்டே. பத்துப் பிளக் வைத்தால் அதுவும் சேரும்.

ஒரே ஒரு பிளக்கை வாங்கி, வாரத்துக்கு ஒரு சாமானில் மாட்டி அளந்து பாருங்கள். நான் அப்படி அளந்ததில் டிவி பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் நிறுத்திய பிறகும் 9 வாட்ஸ் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு 13 யூனிட்.

அதற்கும் ஒரு பிளக் மாட்டினேன், ஆனால் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. அம்மாவுக்குப் படுக்கப் போகும் முன் சுவரில் இருக்கிற எல்லா சுவிட்சையும் நிறுத்தியாக வேண்டும். சுவிட்ச் ஆஃப் என்றால் ஸ்மார்ட் பிளக் செத்த பிளக். கொசு மருந்து மெஷினின் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி, "இதைத் தொடாதம்மா" என்று எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் டேப்பைக் காணோம். "ராத்திரி பூரா பிளக்குல நீல லைட்டு எரியுது, நிறுத்தாம எப்படிடா தூங்கறது?" என்றார். கொசு மருந்துக்கும் கீசருக்கும் மட்டும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். செட்டாப் பாக்ஸிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டேன். அதைத் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அம்மாவே சுவரில் நிறுத்திவிடுகிறார்.