ஓ.பி.யில் கற்பிக்க நேரமில்லை, காணொலியை யாரும் பார்ப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: தென் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எம்.டி. மாணவர்களுக்கு ஓ.பி. (புறநோயாளி) மருத்துவத்தை, இணையவழிப் பாடத்தையும் நேரடி வகுப்பையும் சேர்த்த கலப்புமுறைக் கற்றலில் சொல்லித்தரும்படி துறைத் தலைவர் கூறினார். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, தைராய்டு என ஒரு மணி நேர வகுப்புகளைப் பதிவுசெய்து கொடுத்தோம். யாரும் பார்ப்பதில்லை. ஓ.பி.யிலோ நின்று பேச முடியாத கூட்டம். எங்கே தவறுகிறோம்?

பதில்: இரவுப் பணி முடித்து, ரவுண்ட்ஸ் போய், கேஸ் ஷீட் எழுதிவிட்டு அறைக்குத் திரும்புகிறவரிடம் ஒரு மணி நேரக் காணொலியை நீட்டினால் அவர் தூங்கத்தான் செய்வார். நானும் தூங்குவேன். இருக்கிற வகுப்புகளில் ஒன்றையும் குறைக்காமல் அவற்றின் மேல் புதிய சுமையை ஏற்றியிருக்கிறீர்கள். அமெரிக்கக் கல்வித் துறை 2009-இல் இணையவழிக் கற்றல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நேரடி வகுப்பை மட்டும் நம்பியவர்களைவிடக் கலப்புமுறையில் படித்தவர்கள் மேலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பல இடங்களில் படிக்கும் நேரமும் கூடுதலாகக் கிடைத்திருந்தது என்பதை அந்த அறிக்கையே சுட்டிக்காட்டியது. எனவே வாரத்துக்கு ஒரு விரிவுரையை ரத்து செய்து அந்த நேரத்தைக் காணொலிக்குக் கொடுங்கள்.

காணொலி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதன் முடிவில் உங்கள் ஓ.பி.யிலேயே வரக்கூடிய ஒரு சிக்கலை வையுங்கள். உதாரணமாக, 58 வயதுப் பெண்மணி. ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டான் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. எழுதப்பட்டுள்ளது. இன்றைய ரத்த அழுத்தம் 160/96. அடுத்து என்ன? பெரும்பாலான மாணவர்கள் மூன்றாவது மருந்தைச் சேர்ப்பார்கள். விடை அதற்கு முன்னால் இருக்கிறது. வரிசையில் நின்றுவிட்டு வந்தவரை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் கழித்து, கைக்குப் பொருந்தும் பட்டையால் பேச்சுக்கொடுக்காமல் மறுபடி அளந்தார்களா? மாத்திரை தீர்ந்து எத்தனை நாள் ஆயிற்று? மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறாரா? அந்த வலி மாத்திரையே அழுத்தத்தை ஏற்றும். வார்டில் இந்தக் கேள்விகளுக்குத் தேவை குறைவு. அங்கே மாத்திரையைச் செவிலியர் கொடுத்துவிடுகிறார். ஓ.பி. மருத்துவத்தில் பாதி இதுதான்.

கலந்துரையாடலை ஓ.பி. நாள் மாலையில் வைக்காதீர்கள். பல யூனிட்டுகளில் அதுவே அட்மிஷன் நாளும் என்பதால் ஒருவரும் வரமாட்டார். ஓ.பி. தொடங்குமுன் கால் மணி நேரம் போதும். அதில் காணொலியை மறுபடி விளக்க வேண்டாம். விளக்கினால் அடுத்த வாரம் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இவ்வளவும் முன்னேற்பாடுதான். வகுப்பை இணையத்துக்கு அனுப்புவதே ஓ.பி.யில் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்தில் மாணவர் நோயாளியைப் பார்ப்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எல்லோரையும் பார்க்க முடியாது, ஓர் ஓ.பி. நாளில் ஒரு மாணவர், ஒரு நோயாளி. சர்க்கரை நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்கிறாரா, விரலிடுக்கைப் பார்க்கிறாரா, பாத உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழையான மோனோஃபிலமென்டை அது வளையும்வரை அழுத்துகிறாரா என்பது எந்த இணையத் தேர்விலும் தெரியாது.

மற்ற நோயாளிகளுக்கு, 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வெளியிட்ட ‘ஒரு நிமிட ஆசான்’ முறை நம் கூட்டத்துக்கும் ஒத்துவரும். மாணவர் உங்கள் மேசைக்கு வந்து, “சார், இவருக்கு என்ன எழுதலாம்?” என்பார். உடனே சொல்லிவிடாதீர்கள், அதுதான் கடினம். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பிறகு, “எதை வைத்து?” அதன்பின் ஒரே ஒரு பொதுவிதி, சரியாகச் செய்ததற்கு ஒரு வார்த்தை, தவறுக்கு ஒரு திருத்தம். நோயாளியின் முன்னால் திருத்தும்போது மட்டும் குரலைக் கவனியுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. காணொலியால் அதைச் சரிசெய்ய முடியாது. தான் எழுதிய மருந்து வேலை செய்ததா என்பது நம் மாணவருக்குத் தெரிவதே இல்லை. அடுத்த மாதம் அந்த நோயாளியை வேறொருவர் பார்க்கிறார். அமெரிக்காவில் பல பயிற்சித் திட்டங்கள் நான்கு வாரம் வார்டு, ஒரு வாரம் ஓ.பி. என்று பிரித்து, மாணவருக்கென நிலையான நோயாளிகளை ஒதுக்குகின்றன. நமக்கு அவ்வளவு ஆள்பலம் இல்லை. ஆனால் நோயாளியின் சிகிச்சைப் புத்தகத்தில் மாணவர் பெயரை எழுதி, உங்கள் யூனிட்டின் ஓ.பி. நாளிலேயே மறுபடி வரச் சொல்லலாம். ஒரு மாணவருக்குப் பத்துப் பேர் போதும்.

இணையம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் மாவட்ட உறைவிடப் பயிற்சி. 2021-இல் சேர்ந்த அணியிலிருந்து முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே வார்டு, அவசரப் பிரிவோடு ஓ.பி.யும் பார்க்க வேண்டும். நீங்களோ பக்கத்தில் இல்லை. வாரம் ஒருமுறை காணொலி அழைப்பில் அவர் பார்த்த இரண்டு நோயாளிகளைப் பற்றிப் பேசுங்கள். ஓ.பி. சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். பெயரும் முகவரியும் அதில் இருக்கும்.

துறைத் தலைவர் அறிக்கை கேட்டால் காணொலி எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓடவிட்டுவிட்டுத் தூங்கினாலும் அது ஏறும். ஒவ்வொரு மாணவரையும் எத்தனை முறை நேரில் கவனித்தீர்கள், என்ன திருத்தினீர்கள், அடுத்த முறை அது மாறியிருந்ததா என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் காட்டுங்கள்.