பிரஷர் மாத்திரை, மே மாத வெக்கை, முதல் 5 கிலோமீட்டர்

கேள்வி: எனக்கு 42 வயது. தக்கலை பக்கம் ஊர். அலுவலக வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். எடை 74 கிலோ, உயரம் 156 செ.மீ. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். மூன்று வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை ஒன்றைக் காலையில் போடுகிறேன். கடைசியாகப் பார்த்தபோது 138/86. சர்க்கரை இல்லை. பெங்களூரில் இருக்கும் அக்கா மகன், மே மாதம் மூன்றாம் ஞாயிறு நாகர்கோவிலில் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வீட்டில் எல்லாருக்கும் பேர் கொடுத்துவிட்டான். எனக்கு விருப்பமே இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. பிள்ளைகள் முகத்துக்காகச் சரி என்றேன். அந்த வாரம்தான் குடும்ப வீட்டில் எல்லாரும் கூடுகிறோம், முந்தின நாள் கல்யாண விருந்தும் இருக்கிறது. மாமியார், "இந்த வயசுல ஓடினா கர்ப்பப்பை இறங்கிப் போகும், முட்டு தேஞ்சு போகும்" என்கிறார். அப்பாவுக்கு 68 வயதில் பைபாஸ் நடந்தது. இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. ஓடலாமா?

பதில்: ஓடலாம். ஒன்பது வாரம் போதுமான காலம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வயதோ எடையோ இல்லை, அந்த மாத்திரையின் இரண்டாவது பெயர். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றி பிரஷரைக் குறைக்கும் மருந்து. மே மாத வெக்கையில் ஓடுகிற ஒருவர் அதே உப்பையும் நீரையும் வியர்வையாகவும் இழப்பார். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் கவனம் வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் பரிசோதனைகளை முடித்துவிடுவோம்.

ஒரு வாரம் வீட்டிலேயே காலையில் மாத்திரை போடுவதற்கு முன்னும், மாலையிலும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். 160/100-க்கு மேல் அடிக்கடி போனால் மருந்தைச் சரிசெய்த பிறகு ஓட்டம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், தைராய்டு பாருங்கள், ஒரு இசிஜி எடுங்கள். ஹீமோகுளோபினை விட்டுவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாயில் அதிகம் போவது சாதாரணம். 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. அந்த நிலையில் ஓடி மூச்சிரைத்தால் "எனக்கு ஓட வராது" என்று விட்டுவிடுவார்கள், குறை ரத்தத்தில் இருக்கும். அப்பாவுக்கு 68-ல் வந்த அடைப்பை, குடும்பத்தில் இளம் வயதிலேயே வரும் இதய நோய் என்று கணக்கில் எடுப்பதில்லை. அப்பா அல்லது சகோதரருக்கு 55-க்கு முன்னும், அம்மா அல்லது சகோதரிக்கு 65-க்கு முன்னும் வந்திருந்தால்தான் அந்தக் கணக்கு. ஏற்றம் ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மயக்கம், படபடப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் டிரெட்மில் பரிசோதனை முடியும்வரை ஓட வேண்டாம். எதுவும் இல்லையென்றால் அது அவசியமில்லை.

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம், அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஓடுவதால் கர்ப்பப்பை இறங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசை ஓடும்போது தன் தளர்ச்சியைக் காட்டும். இருமினால், குதித்தால் சிறுநீர் சொட்டுவதை எத்தனையோ பெண்கள் வெளியே சொல்வதில்லை. இதற்கு வழி இருக்கிறது: சிறுநீரை அடக்குவது போலத் தசையை மேல்நோக்கி இழுத்து 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர்த்துங்கள். பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. வயிற்றையோ தொடையையோ இறுக்கக்கூடாது, மூச்சையும் அடக்கக்கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்து பார்க்காதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதனால் இன்றே தொடங்க வேண்டும். கீழே ஏதோ கனக்கிறது, பிதுங்குகிறது என்ற உணர்வு ஏற்கெனவே இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழங்கால் முட்டு விஷயம்: அளவோடு ஓடுகிறவர்களுக்கு, ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் கூடுதலாக வருவதில்லை. முட்டு வலிப்பது பெரும்பாலும் அவசரத்தால். மூச்சு இரண்டே வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழகப் பல வாரங்கள் எடுக்கும். "இப்போ நல்லா ஓட வருதே" என்று மூன்றாம் வாரத்தில் தூரத்தைக் கூட்டுகிறவருக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரம் வலி பிடிக்கிறது.

ஆகவே ஓட்டமும் நடையும் கலந்தே போங்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒவ்வொரு நாளும் 5 நிமிடம் வேகநடையில் தொடங்கி 5 நிமிட நடையில் முடியுங்கள். முதல் இரண்டு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு சுற்று. மூன்றாம், நான்காம் வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு சுற்று. அடுத்த இரண்டு வாரம் 3-க்கு 2, ஆறு சுற்று. ஏழு, எட்டாம் வாரம் 5-க்கு 2, ஐந்து சுற்று. ஒன்பதாம் வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். முதல் ஒரு மாதம் உங்கள் ஓட்டம் மற்றவர் நடையைவிடக் கொஞ்சம்தான் வேகமாக இருக்கும். அதுதான் சரியான வேகம்.

கல்குளம் பக்கத்து ரோடுகள் ஏற்றமும் இறக்கமுமானவை. ஏற்றத்தில் நடந்துவிடலாம். முட்டுக்கு வலி கொடுப்பது இறக்கம்தான், அங்கே தொடைத் தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. சமதளமான பள்ளி மைதானமோ கால்வாய்க் கரையோ கிடைத்தால் நல்லது. கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே பழகாதீர்கள். குதிகால் புதைந்து அதன் பின்பக்கத் தசைநார் இழுபடும். ஷூவை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஓட்டத்தன்று புது ஷூ கூடாது. தினமும் இருபது முறை நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இந்த இரண்டும் முட்டுக்கு எந்தத் தைலத்தையும்விட மேல்.

வலி வந்தால் மருந்துக்கடையில் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் கேட்டு வாங்காதீர்கள். டெல்மிசார்டன், சிறுநீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடம்பில் நீரும் குறைந்திருந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். ஐஸ், ஓய்வு, மிஞ்சினால் பாராசிட்டமால் 500 மி.கி. ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற எலும்பு வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி வெக்கை. நம் மாவட்டத்தில் மே மாத வெயில் வேலூர் அளவுக்கு ஏறுவதில்லை, ஆனால் கடல் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிந்து விழுவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். நனைந்த சுடிதாரோடு ஓடுகிறவருக்கு உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். மெல்லிய, உலரும் துணியில் தளர்வான உடை போடுங்கள். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். ஊரிலேயே இருந்து பழகும் உங்களுக்கு அது தானாக நடந்துவிடும். பெங்களூரின் ஈரம் குறைந்த காற்றிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்கி, ஞாயிறு காலை வேகமாக ஓட நினைக்கும் உங்கள் அக்கா மகனுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். வளைகுடாவில் ஏசி அறையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் அப்படியே. அவரிடம் சித்தியாகச் சொல்லிவையுங்கள்: இந்த முறை நேரம் பார்க்காமல் ஓடட்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். குறைத்தால் மயக்கம் வரும். "வெயிலாச்சே" என்று லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் கேடுதான். உங்கள் மாத்திரையில் இருப்பது போன்ற தயசைடு மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு, வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் இன்னும் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் அதன் அறிகுறிகள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் 300 முதல் 400 மி.லி. வழியில் தாகம் எடுத்தால் 150 மி.லி. உங்கள் வேகத்துக்கு 45, 50 நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்கு வேறு பானம் தேவையில்லை. முடித்த பிறகு ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் கலந்து ஒரு டம்ளர், அல்லது உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். இளநீர் ஒன்று குடிக்கலாம். அதில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும், ஆகவே மூன்று நான்கு வேண்டாம். அக்கானி (பதநீர்) சர்க்கரை நிறைந்தது, ஓடி முடித்த பிறகு ஒரு டம்ளர் குடித்தால் தவறில்லை.

அன்று காலை மாத்திரையை ஓட்டம் முடிந்து, தண்ணீர் குடித்து, சாப்பிட்ட பிறகு போடலாமா என்று அதை எழுதிய மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சில மணி நேரம் தள்ளிப் போடுவதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார். நீங்களாக நிறுத்தக்கூடாது.

விருந்துக்கு வருவோம். சித்திரை, வைகாசி என்றால் கோயில் கொடை, திருவிழா, கல்யாணம், விடுமுறைக்கு வந்த சொந்தங்கள் என்று இலை ஓயாது. சனிக்கிழமை மதிய விருந்தை நன்றாகவே சாப்பிடுங்கள். சோறும் அவியலும் பருப்பும் மறுநாள் தசைக்கு வேண்டிய சேமிப்புதான். பாயசத்தில் பப்படமும் பழமும் நொறுக்கிப் போட்டு ஒரு முறை வாங்குங்கள், இரண்டாவது பிரதமனுக்கு இலையை மறைத்துவிடுங்கள். பிரஷர்காரர் குறைக்க வேண்டியது ஊறுகாய், பப்படம், கருவாடு. அவற்றின் உப்பு பிரஷரை ஏற்றும். அதை இழுத்துவிடத்தான் காலையில் மாத்திரை போடுகிறீர்கள். சனிக்கிழமை இரவுதான் கவனம்: எட்டு மணிக்குள் கஞ்சியோ இட்லியோ முடித்துவிடுங்கள். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) காரமான மீன்கறியும், சக்கைச்சுளை (பலாச்சுளை), சக்கைக்குரு (பலாக்கொட்டை), பயறு இவை அன்றிரவு வேண்டாம். நார்ச்சத்தும் வாயுவும் காலையில் ஓடும்போது வயிற்றைப் பிடிக்கும், வழியில் கழிப்பறை தேட வைக்கும். கூடிய சொந்தங்களோடு பேசிப் பேசி ஒரு மணி ஆகிவிடுவதும் உண்டு. முடிந்தால் பத்தரைக்குப் படுக்கை.

காலை ஆறு மணி ஓட்டம் என்றால் நாலே முக்காலுக்கு அவித்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) பாதி, அல்லது மட்டிப்பழம் இரண்டு. வழக்கமாகக் குடிக்கும் காப்பி குடிக்கலாம். புதிதாக எதையும் முயல வேண்டாம். வரிசையில் கடைசியில் நின்று, 3-க்கு 2 என்ற கணக்கிலேயே முதல் நிமிடத்திலிருந்து போங்கள். கூட்டம் பாய்ந்து ஓடும்போது நாமும் பாய்ந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டிவிடும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிற்காதீர்கள். கால் தசைகள் திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி பிரஷர் இறங்கும், மாத்திரைகாரருக்கு அது மயக்கமாகிவிடும். பத்து நிமிடம் நடந்த பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

நெஞ்சு இறுக்கம், கண் இருட்டல், உடம்பு சில்லிட்டுப் புல்லரித்தல் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். யாராவது தள்ளாடி, உளறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் வெப்பத்தாக்கு இருக்கலாம். ஒருவர் 108-க்குப் பேசட்டும், மற்றவர்கள் அந்த நேரத்திலேயே நிழலில் கிடத்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைக்கலாம். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. உளறுகிறவர் வாயில் தண்ணீரோ பாராசிட்டமாலோ கொடுக்கக் கூடாது.

ஓடிய கையோடு பிள்ளைகள் "சங்குத்துறை பீச்சுக்குப் போவோம்" என்பார்கள். கரையில் இருக்கலாம், தளர்ந்த காலோடு கடலில் இறங்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நம் கடற்கரையில் கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலிலிருந்து வரும் பேரலை, இங்கே காற்றில் எந்த மாற்றமும் இல்லாமலே எழும்பும்.

ஓடிய அன்று பிரஷர் பல மணி நேரம் வழக்கத்தைவிடக் கீழேயே இருக்கும். மாலையில் ஒரு முறை பார்த்து எழுதுங்கள். ஒன்பது வாரப் பழக்கத்துக்குப் பிறகு மேல் அளவு அடிக்கடி 110-க்குக் கீழே காட்டி, எழுந்தால் தலைசுற்றினால் அந்த நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரண்டு மருந்துகளில் சிறுநீர் மாத்திரையை விட முடியுமா என்று அவர் பார்ப்பார்.