முதலில் அணுகுண்டு வீச மாட்டோம் என்று சீனா சொல்வதை இந்தியா நம்பலாமா?

வாய்ப்பேச்சை மட்டும் வைத்து என்றால் நான் நம்ப மாட்டேன். குண்டை எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

1964 அக்டோபர் 16 அன்று லோப் நோர் என்ற சோதனைத் தளத்தில் முதல் குண்டை வெடித்த கையோடு சீனா இந்த வாக்கைக் கொடுத்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் ஏவுகணை ஓரிடம், குண்டு வேறிடம் என்று பிரித்தே வைத்திருந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. முந்திக்கொண்டு அடிக்க நினைப்பவன் அப்படி வைத்திருக்க மாட்டானே! எண்ணிக்கையும் குறைவு. அந்தச் சீனாவை ஓரளவு நம்பியிருக்கலாம்.

2021இல் கான்சு மாகாணத்தின் யூமென், சின்ஜியாங்கின் ஹாமி பக்கம் பாலைவனத்தில் புதிது புதிதாக ஏவுகணைக் குழிகள் தோண்டுவது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து 200க்கு மேல். சீனாவிடம் 600க்கும் அதிகமான குண்டுகள் இருப்பதாக 2024இல் பென்டகன் மதிப்பிட்டது. அமெரிக்கக் கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் பழைய சீனா இல்லை. எதிரி முதலில் அடித்தாலும் சில ஏவுகணைகளாவது மிஞ்ச வேண்டும், அதற்குத்தான் இத்தனை குழிகள் என்றும் வாதிடலாம். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதே குழியிலிருந்து முதலிலும் ஏவலாம்.

வெறும் வாக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் உதாரணம் உண்டு. 1982 ஜூனில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் ஐ.நா.வுக்கு இதே வாக்கை எழுதி அனுப்பினார். ஜெர்மனி ஒன்றான பிறகு சோவியத் அணியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் ராணுவக் கோப்புகளைப் பிரித்தால், போரின் தொடக்கத்திலேயே அணு ஆயுதம் பயன்படுத்தும் திட்டங்கள் இருந்தன. 1993இல் ரஷ்யா அந்த வாக்கையே கைவிட்டது.

சரி, முதலில் வீச மாட்டோம் என்று இந்தியாவும் வாக்குக் கொடுத்திருக்கிறதே, அந்த நம் வாக்கு? 2003இலேயே ஒரு விலக்குச் சேர்த்தோம்: ரசாயன, உயிரி ஆயுதத்தால் தாக்கினால் அணு ஆயுதத்தால் பதிலடி தரலாம். 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் பொக்ரானில் நின்று, வருங்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அப்போது துபாயில் என்னோடு அறையில் இருந்த லாகூர்க்காரர், "உங்க அமைச்சரே இப்படிச் சொல்றாரே பாய், நாங்க எதை நம்புறது?" என்று கேட்டார். எங்கள் கிடங்கைப் போய்ப் பாருங்கள் என்றா சொல்ல முடியும்? பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன்.